கோழிக்குஞ்சுக்குத் தண்ணி காட்டிய கதை

கோழிக்குஞ்சு விற்கிறவர்களுக்குக் குஞ்சால் வருகிற தொந்தரவு ஒரு பங்கு என்றால், அதை வாங்கிக்கொண்டு போகிறவர்களால் வருவது ஒன்பது பங்கு.

தென்காசியிலிருந்து சுரண்டை போகிற ரோட்டில் பதினோரு வருஷமாகக் குஞ்சுக்கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் வயதுக் குஞ்சு, அதற்கான தீவனம், தண்ணீர் டப்பா, பல்பு மாட்டுகிற கூண்டு எல்லாம் கிடைக்கும். என் வீட்டுக்காரரின் அக்கா கோமதி மதினி கடையில் எனக்குத் துணை. பேசுவது என் வேலை. குஞ்சை எண்ணிப் பெட்டியில் போடுவது மதினி வேலை. மதினி பேசுவது குறைவு. பேசினால் நான் அரை மணி நேரம் பேசியது வீணாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வரும். குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்த கையோடு பெட்டியில் ஏறி, தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் அத்தனை தூரம் பயணம் செய்து வந்திருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வாங்கிப் போவார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். வீட்டுக்குப் போனதும் முதலில் தண்ணீர். வெதுவெதுப்பாக, துளி கருப்பட்டி கரைத்து. ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து அலகை நனைத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தீவனம். இவ்வளவுதான் விஷயம். இதில் எத்தனை விதமாகத் தப்புச் செய்யலாம் என்பது கடை வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குஞ்சு வாங்கி நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் பாதி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பத்தரை

கீழப்பாவூர் சண்முகசுந்தரம் அண்ணாச்சி ஓய்வு பெற்ற கிளார்க். எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவர். நான் சொன்னதை ஒரு துண்டுத் தாளில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டார். முப்பது குஞ்சுள்ள பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, பத்து மணி வாக்கில் கிளம்பிப் போனார். இப்படி எல்லோரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மதினியிடம் சொன்னேன். மதினி அடுத்த பெட்டிக்குக் குஞ்சு எண்ண ஆரம்பித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சி போன் செய்தார். குஞ்செல்லாம் கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போடுகிறது என்றார். தண்ணீர் எவ்வளவு குடித்தது என்று கேட்டேன். இன்னும் பெட்டியையே பிரிக்கவில்லை என்றார். வீடு போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டி ராகு காலம் ஆரம்பித்துவிட்டதாம். புது உயிர்களை அந்த நேரத்தில் வீட்டுக்குள் இறக்கக் கூடாது என்று பெட்டியை வாசல் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணாச்சி, இப்பவே பிரிச்சு ஒரு வாய் தண்ணி காட்டுங்க" என்று கெஞ்சினேன். "இன்னும் பத்து நிமிஷந்தானம்மா இருக்கு, ஆனதும் குடுத்துருதேன்" என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு குஞ்சு செத்துப்போனது. அடுத்த வாரம் தீவனம் வாங்க வந்தவர் அதைப் பற்றி எனக்கு ஆறுதல் சொன்னார்: "ராகு காலத்துல தண்ணி குடுத்திருந்தா முப்பதும் போயிருக்குமே. ரெண்டோட விட்டுதேன்னு நெனச்சுக்கிட்டேன்."

பழைய காலத்துக் கோழி

அலகைப் பிடித்துத் தண்ணீர் காட்டச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று எனக்கு வகுப்பு எடுத்தார். அவர்கள் வீட்டில் எப்போதும் நாற்பது ஐம்பது கோழி நின்றதாம். அடைவைத்துப் பொரித்த குஞ்சு தானாக மேய்ந்து தானாகக் குடிக்குமாம். "எங்க வீட்டுல எவன் குஞ்சோட மூக்கைப் புடிச்சுத் தண்ணி காட்டினான்? நீங்க புதுசு புதுசா ஏதாவது சொல்லுதீங்க" என்றார். ஒரு நாள் வயதுக் குஞ்சுக்குத் தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஒரு தடவை காட்டிவிட்டால் பிறகு அதுவே போய்க் குடிக்கும் என்று நான் விளக்கினேன். அவர் விடவில்லை. பேச்சு இன்றைய சாப்பாடு, இன்றைய மருந்து, இன்றைய பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்தது.

மதினி பெட்டியைக் கட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் குஞ்சுக்கு அதோட அம்மா காட்டிக் குடுத்தா அண்ணாச்சி. இதுக்கு அம்மா நீங்கதான்."

அருவித் தண்ணீர்

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற செந்தில் ஐம்பது குஞ்சு வாங்கினார். சாரல் தொடங்கிய நேரம். ஊரே நனைந்துகொண்டிருந்தது. இரண்டாவது நாள் போன். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து நிற்கின்றன, தண்ணீர்ப் பக்கமே போகவில்லை என்றார். அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் நேரில் போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரி இருந்தது. மேலே லேசாக நுரை.

"அருவித் தண்ணி அக்கா. மூலிகையெல்லாம் கரைஞ்சு வருது. ஆள் விட்டுக் கேன்ல புடிச்சுட்டு வாரேன்" என்றார். எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மேலே கூட்டமாக இருப்பதால் கொஞ்சம் கீழே, ஓடையில் பிடிக்கிறாராம். சீசனுக்கு வந்த அத்தனை பேரும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் சீயக்காயும் ஷாம்பும் அந்த மூலிகையில் கலந்திருந்தன. பாத்திரத்தைக் கொட்டிவிட்டு, போர்வெல் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு ஊற்றி வைத்தேன். பல்பைக் கீழே இறக்கிக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் பிரிந்து வந்து குடிக்க ஆரம்பித்தன.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது லாட்ஜ் வாசலில் பெரிய பலகை: 'அருவித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாட்டுக்கோழி.' குஞ்சுகள் இப்போது என்ன தண்ணீர் குடிக்கின்றன என்று கேட்டேன். போர்வெல் தண்ணீர்தான் என்றார். அப்படியானால் பலகை எதற்கு என்றேன். செந்தில் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "போர்டு குஞ்சுக்கா படிக்கதுக்கு வச்சிருக்கு? வெளியூர்ல இருந்து வாரவங்களுக்கு அக்கா."

இட்லி மாவு மாதிரி

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் புளிக்க வைத்த தீவனத்துக்கு மாறினேன். குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டு, துணியால் மூடி, காலையும் மாலையும் கிளறிவிட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்துக் கொடுப்பது. புளித்த மோர் மாதிரி வாடை வந்தால் சரி. அழுகல் வாடை அடித்தாலோ பூஞ்சை பிடித்தாலோ கொட்டிவிட வேண்டும். தீவனம் காற்றில் பறக்காது, குஞ்சு இறைக்காது. எச்சம் பின்பக்கத்தில் ஒட்டி அடைத்துக்கொண்டு குஞ்சு சாவது என் கண் முன்னால் குறைந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுகொண்டவருக்கு வாய் சும்மா இருக்காது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். எளிதாகப் புரியட்டும் என்று, "இட்லி மாவு மாதிரிதான், பொங்கி வரணும்" என்பேன்.

சுரண்டையில் வீட்டோடு டிபன் கடை நடத்துகிற ராஜேஸ்வரி அதைக் கேட்டு உற்சாகமாகிவிட்டார். புளிக்க வைப்பதில் எனக்கே பாடம் சொல்லக்கூடியவர். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் பதற்றமாக வந்தார். அடுப்படியில் இரண்டு வாளி பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறது. அவர் மார்க்கெட் போன நேரத்தில் வீட்டுக்காரர் பசி பொறுக்காமல் தானே தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார், குஞ்சு வாளியிலிருந்து. நாலு தோசை. இருந்த உண்மையான மாவை இரக்கப்பட்டுக் குஞ்சுகளுக்கு வைத்துவிட்டார்.

அந்தத் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் பெரும்பாலும், மருந்து கலக்காத தீவனம்தான், பயப்பட வேண்டாம் என்றேன். குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். "அதுக்கு ஒண்ணுமில்லக்கா, நல்லா ஓடியாடுது. இவுகதான், இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் தோசை தோசையா இருந்துச்சு, நாளைக்கும் அந்த மாவையே ஊத்துன்னு சொல்லுதாவ."

புளிக்காத தீவனம்

பக்கத்துக் கிராமம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற வேலை பார்ப்பவர் என் வாடிக்கையாளர். நாலு நாளாகியும் அவர் தீவனம் புளிக்கவே இல்லை. ஊறினது ஊறினபடி கிடந்தது. வாளியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். மோந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தா வாடை அடித்தது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் அதிகமாக இருந்தால் புளிக்காது, தண்ணீரை ஒரு நாள் வாய் திறந்த வாளியில் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள் என்றேன். தொட்டியில் பவுடர் போடுவது யார் என்றும் கேட்டேன். அவர்தான்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் மருந்து ஒழுங்காத்தான் போடுதேன்னு தெரியுதுல்லா? ஊருல எல்லாவனும் போடலைங்கான். இதை எங்க பஞ்சாயத்துத் தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

புளியறைச் சோதனை

எல்லை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக்காரர், புளிக்க வைக்கிற முறையை நேரில் வந்து காட்டச் சொன்னார். புளித்த தீவனத்தில் கொஞ்சம் எடுத்துப் புதுத் தீவனத்தில் விட்டால் சீக்கிரம் புளிக்கும் என்பதால், ஒரு வாளி நிறையக் கொண்டுபோனோம். காட்டி முடித்து, மீதி அரை வாளியோடு திரும்பினோம். நான் ஸ்கூட்டர் ஓட்ட, மதினி பின்னால் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளிக்கிற வாளியை இறுக்கி மூடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். மதினி கட்டியிருந்தது நல்ல சேலை என்பதால் அன்றைக்கு மூடியை நன்றாக அழுத்தி மூடியிருந்தேன்.

புளியறைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் வந்தார். வந்ததும் மூக்கை உறிஞ்சினார். கேரளாவிலிருந்து வருகிறோம், மடியில் வாளி, புளித்த வாடை. "என்னம்மா, கள்ளா?" என்றார். கோழித் தீவனம் என்றேன். நம்புகிற முகமில்லை. "நானும் எத்தனையோ பாத்துட்டேன். தெறங்க." மதினி மெதுவாகத் திறப்பதாகத்தான் சொன்னார். போலீஸ்காரருக்குப் பொறுமையில்லை. வாளியை வாங்கித் தானே மூடியை நெம்பினார். மலைப்பாதை முழுக்கக் குலுங்கி வந்த தீவனம் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தது போலும். சத்தத்தோடு மூடி பறந்தது. சட்டை, பெல்ட், மீசை எல்லாவற்றிலும் தீவனம்.

லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். மதினி முந்தானையை நீட்டினார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மீசையைத் துடைத்து, விரலை மோந்து பார்த்தார். பிறகு ரொம்ப அலுப்பாகச் சொன்னார்: "கள்ளுன்னா ஒரு கேஸாவது எழுதலாம். இதை நான் எதுல எழுத? போங்கம்மா, நான் குளிக்கணும்."

கடல் தாண்டி ஒரு கண்

கடையநல்லூர் ஜமீலாவின் வீட்டுக்காரர் சவூதியில் வேலை பார்க்கிறார். குஞ்சு வளர்க்கிற யோசனை அவருடையது, குஞ்சு வளர்க்கிற வேலை ஜமீலாவுடையது. கூண்டுக்கு மேலே ஒரு கேமரா வாங்கி மாட்டச் சொல்லிவிட்டார். அங்கே வேலைக்கு இடையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் போனில் குஞ்சைப் பார்ப்பாராம். குஞ்சு தண்ணீரில் விழுந்து மூழ்காமலிருக்க டப்பாவில் கோலிக்குண்டு போடுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கோலிக்குண்டு நேற்றைக்கு ஒன்பது இருந்தது, இன்றைக்கு எட்டுத்தான் இருக்கிறது என்று அங்கிருந்து கண்டுபிடித்துச் சொன்னார்.

பிறகு என் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ஓரத்தில் நிற்கிற கறுப்புக் குஞ்சு காலையிலிருந்து இரண்டு தடவைதான் தண்ணீர் குடித்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பார். கேமராவில் பேசுகிற வசதியும் இருந்தது. "ஜமீலா, தண்ணியை மாத்து" என்று கூண்டுக்கு மேலிருந்து திடீரென்று குரல் வந்தால் குஞ்சுகள் சிதறி ஓடி மூலையில் போய் அடையும். அப்புறம் எங்கே குடிக்க? நான் ஜமீலா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் குரலை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஜமீலா எழுந்து வயரைப் பிடுங்கினார். அவர் குரலில் கோபமெல்லாம் இல்லை.

"கல்யாணமாகி பன்னெண்டு வருஷம் ஆகுது. நான் தண்ணி குடிச்சேனான்னு ஒரு நாள் கேட்டதில்லக்கா."

நீர்ச்சத்து மேலாண்மை

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கோழி வளர்ப்போருக்கு முகாம் நடத்தினார்கள். 'கோடையில் குஞ்சுகளின் நீர்ச்சத்து மேலாண்மை' என்று மேடையில் பெரிய துணி தொங்கியது. செய்து காட்டுவதற்காக என்னிடம் இருபது குஞ்சு கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் உமி பரப்பி, தண்ணீர்த் தட்டோடு கொண்டுபோய் மேடை மேசையில் வைத்தேன். பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வந்தார். அதற்குள் போட்டோ எடுக்கிறவர், தண்ணீரில் லைட் பட்டுப் பளபளக்கிறது, படம் கெடுகிறது என்று தட்டை எடுத்து எங்கோ வைத்துவிட்டார். விருந்தினருக்குப் போட்ட மாலையைக் கழற்றிக் குஞ்சுப் பெட்டியின் மேலேயே வைத்தார்கள். வந்துகொண்டிருந்த காற்றும் நின்றுபோனது.

விருந்தினர் பேச ஆரம்பித்தார். தண்ணீர் இல்லாமல் உயிரே இல்லை என்று ஆரம்பித்து, மேகம் எப்படி உண்டாகிறது என்பதுவரை போனார். குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எனக்கு முதல் வரிசையிலிருந்தே தெரிந்தது. ஒரு மணி நேரம் பொறுத்தேன். பிறகு குனிந்தபடி மேடையேறி, மாலையை நகர்த்தி, விருந்தினர் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதன் மூடியிலேயே ஊற்றி ஊற்றி வைத்தேன். குஞ்சுகள் அடித்துப் பிடித்துக் குடித்தன. அவர் நான் ஏதோ செயல்முறை விளக்கம் தருவதாக நினைத்துப் பேச்சை நிறுத்தாமல் எனக்குத் தலையசைத்தார். கூட்டம் கைதட்டியது.

கீழே இறங்கி வந்து உட்கார்ந்ததும், புளியங்குடியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் காதில் சொன்னார்: "மேடையில ஏறினா நமக்கும் ஒரு மூடி கெடைக்கும்போல. காலையில இருந்து ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலையே இவனுவ."

நான் சொன்னது

இதுவரை மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். இது என்னைப் பற்றியது.

பாவூர்சத்திரம் பக்கம் முத்துலட்சுமி என்று ஒருத்தி. இருபது வருஷமாகப் பீடி சுற்றியவள். தோள்பட்டை தூக்க முடியாமல் போய், பீடித் தூசியில் இருமலும் வந்து, வேறு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில் என் கடைக்கு வந்தாள். இதையாவது உருப்படியாகச் செய்து பீடித் தட்டைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாற்பது குஞ்சு எடுத்துக் கொடுத்தேன். புளித்த தீவனம் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். அந்த வேகத்தில் ஒரு வாக்கியம் கூடச் சேர்ந்து வந்துவிட்டது. "கஞ்சி மாதிரி கலந்து வையுங்க. அதுலயே தண்ணி இருக்கு. தனியாத் தண்ணி அவ்வளவாத் தேவைப்படாது." யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. எங்கள் கடைக் குஞ்சுகள் மழை நாளில் தண்ணீர் குறைவாகக் குடித்ததைப் பார்த்து நானாக எடுத்த முடிவு.

அது சித்திரை வெயில். மூன்றாவது நாள் காலையில் தீவனத்தை வைத்துவிட்டு, கடைசியாகச் சுற்றிய பீடியைக் கம்பெனியில் போடப் போயிருக்கிறாள். மேலே தகரக் கூரை. திரும்பி வந்து பார்த்தால் குஞ்சுகள் சிறகை விரித்துத் தரையோடு தரையாகக் கிடந்தன. தீவனம் தட்டில் காய்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. அவள் போன் செய்தபோது அழவில்லை. "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நிழலில் ஈரச் சாக்கை விரித்து, சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாக எடுத்து அலகை நனைத்தோம். சில குஞ்சு தொண்டையை அசைத்து விழுங்கியது. சில, தண்ணீர் பட்டதும் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கையிலேயே செத்தது. காலெல்லாம் சுருங்கிக் குச்சியாக இருந்தது. சாயங்காலம் எண்ணியபோது பதினேழு போயிருந்தது. முத்துலட்சுமி செத்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை செத்துப்போனதற்குப் பதிலாகப் பதினேழு குஞ்சை எடுத்துக்கொண்டு நானே போனேன். அதற்குள் அவள் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பியிருந்தாள். கூண்டுக்குள் நாலு மூலையிலும் தண்ணீர்த் தட்டு, நடுவில் தீவனம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் "பாத்துக்கோங்க, மொதல்ல" என்று ஆரம்பித்தேன். முத்துலட்சுமி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, இந்தத் தடவை நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

குஞ்சு ஓரிடம், விவரம் ஓரிடம்

அந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. சேவலை விற்றாள், பெட்டையை வைத்துக்கொண்டாள், மறுபடியும் குஞ்சு வாங்கினாள். பீடிக் கம்பெனிப் பக்கம் அவள் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். கடைக்கு வந்தால் என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் தீவனம் பற்றியோ தண்ணீர் பற்றியோ எதுவும் கேட்க மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். மதினிதான் பெட்டி கட்டிக் கொடுப்பார்.

போன மாதம் அவர்கள் தெருவிலிருந்து மூன்று பெண்கள் ஒன்றாக வந்தார்கள். மூன்று பேரும் பீடி சுற்றுகிறவர்கள். ஆளுக்கு இருபது குஞ்சு வேண்டும் என்றார்கள். வெயில் காலம், முதல் தடவை வளர்க்கிறார்கள், எப்படிச் சும்மா அனுப்புவது என்று, வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்களில் மூத்தவர் கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. குஞ்சு ஒங்ககிட்டதான் வாங்கணும், வெவரம் எங்கிட்ட வந்து கேளுங்கன்னு முத்துலட்சுமி சொல்லிவிட்டிருக்கா."

குஞ்சு பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்து, மனுஷன் வாயும் கொஞ்சம் சும்மா இருந்தால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ள, பேசியே விற்கிற எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.